ஒரே கிருமி... ஒரு எலி பிழைக்கிறது, ஒரு எலி சாகிறது!

குடலுக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதைத் தீர்மானிக்கின்றன என்கின்றன உலகின் முன்னணி ஆய்வகங்கள். ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடும் ஒவ்வொருவருக்கும் இதில் சேதி உண்டு.

கூண்டின் மூடியைத் திறந்ததும் சுண்டெலி மரத்தூளைச் சிதறடித்துக்கொண்டு மூலைக்கு ஓடுகிறது. கையுறை போட்ட கை அதன் வாலை அடிப்பக்கமாகப் பிடித்துத் தூக்கி, காலிப் பெட்டி ஒன்றில் விடுகிறது. மிரண்ட எலி முதலில் செய்வது புழுக்கை போடுவதுதான். ஆராய்ச்சியாளர் காத்திருந்ததும் அதற்குத்தான். அரிசி மணி அளவில், கறுத்து இறுகிய அந்தப் புழுக்கையை இடுக்கியால் எடுத்துச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குழாயில் போடுகிறார். மூடியின் மேல் எலியின் எண், தேதி. குழாய் உடனே உலர்பனிக்குள் புதைகிறது. அங்கிருந்து மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்குப் போகிறது.

இது நோய்க்கு முந்தைய நாள். அடுத்து அதே எலிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் புகட்டுகிறார்கள். 24 மணி நேரம் கழித்து, வாய்வழியாகச் சால்மோனெல்லா பாக்டீரியா. இரண்டு மூன்று நாளில் மூடியைத் திறந்தால் எலி ஓடுவதில்லை. முதுகைக் கூனி, மயிர் சிலிர்த்து, ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. உடலைத் திறந்து பார்த்தால் வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரியும். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ‘சீக்கம்’ என்று ஒரு பை உண்டு. எலியின் குடல் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. செரிக்காத நாரையெல்லாம் அவை அங்கேதான் புளிக்க வைக்கின்றன. நல்ல எலியிடம் அந்தப் பை பருத்து, பழுப்பும் பச்சையுமாக நிறைந்திருக்கும். நோயுற்ற எலியிடம் சுருங்கி வெளுத்து, சீழ் பிடித்துக் கிடக்கும்.

சூரிச் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்-டீட்ரிக் ஹார்ட் குழுவினர் 2003-ல் விவரித்த முறை இது. இன்று உலகெங்கும் குடல்நோய் ஆய்வகங்களில் பயன்படுகிறது. இதில் கவனிக்க வேண்டியது அந்த ஸ்ட்ரெப்டோமைசினைத்தான். அதைக் கொடுக்காமல் அதே கிருமியை அதே அளவு புகட்டினால், அது எலியின் உடலுக்குள் பரவி டைபாய்டு போன்ற காய்ச்சலைத் தரலாம். ஆனால் குடல் இப்படிப் புண்ணாவதில்லை. கிருமியும் அதேதான், எலியும் அதே இனம்தான். மாறியது குடலுக்குள் இருந்த கூட்டம் மட்டுமே.

லட்சம் எங்கே, பத்து எங்கே?

இந்த உண்மை புதிதல்ல. 1950-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மார்ஜரி பான்ஹாஃப், பிலிப் மில்லர் இருவரும் எலிகளுக்குச் சால்மோனெல்லாவை எண்ணி எண்ணிக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிகளில் பாதிக்காவது தொற்று ஏற்பட ஏறத்தாழ 1 லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. ஒரே ஒரு டோஸ் ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்த எலிகளுக்கோ 10 கிருமிகள்கூட வேண்டியிருக்கவில்லை.

கிளம்புவதற்கு முன்பே துண்டு போட்டு இடம் பிடித்துவிட்ட பஸ்ஸில் கடைசியில் ஏறுபவருக்கு நிற்கக்கூட இடமிருக்காது. நல்ல எலியின் குடலுக்குள் நுழையும் சால்மோனெல்லாவின் நிலையும் அதுதான். சர்க்கரைகளை யாரோ தின்றுவிட்டார்கள், ஆக்சிஜன் இல்லை, கிருமியின் வளர்ச்சியை முடக்கும் கொழுப்பு அமிலங்களைப் பக்கத்தில் இருப்பவர்கள் சுரந்துகொண்டிருக்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் அந்த இடங்களைக் காலி செய்து கொடுக்கிறது.

மனிதர்களுக்குக் கொடுக்கும் மருந்துகளிலும் இதே கதை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் எரிக் பேமர் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், எலிகளுக்கு ஒரே ஒரு முறை கிளிண்டாமைசின் கொடுத்தார்கள். சீக்கத்தில் வழக்கமாக இருக்கும் பாக்டீரியா வகைகளில் சுமார் 90 சதவிகிதம் காணாமல் போயின. 28 நாள் கழித்தும் அவை திரும்பவில்லை. மருந்து கொடுத்துக் குறைந்தது 10 நாள் வரை, ‘சி.டிஃப்’ என்று மருத்துவமனைகள் அஞ்சும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமிக்கு அந்த எலிகளின் குடல் திறந்தே கிடந்தது.

எனக்கு இதில் அதிர்ச்சி தருவது அந்த ‘ஒரே ஒரு முறை’தான். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை மறந்துவிடுகிறோம். குடல் அதை மறக்க ஒரு மாதம்கூடப் போதவில்லை.

---
■ குடல் கணக்கு

● பெருங்குடலில் உள்ள 1 கிராம் பொருளில் ஏறத்தாழ 10,000 கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன.

● மனித உடலில் மொத்தம் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள்; உடலின் சொந்த உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடி. இது 2016-ல் வெளியான கணக்கு.

● ஆரோக்கியமான எலியின் பெருங்குடலில் பாக்டீராய்டீட்ஸ், ஃபிர்மிக்யூட்ஸ் என்ற இரண்டு பெரும் பிரிவுகளே கோலோச்சுகின்றன. ஈ.கோலை, சால்மோனெல்லா ஆகியவை சேர்ந்த குடும்பம் மிகச் சிறிய சிறுபான்மை.

● குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆக்சிஜன் பட்டால் செத்துவிடும். அதனால் வளர்த்து எண்ணுவது கடினம். 16எஸ் என்ற மரபணுவின் எழுத்துகளைப் படித்தே யார் யார், எவ்வளவு பேர் என்று கணக்கிடுகிறார்கள்.

● சுண்டெலிகள் புழுக்கையைத் தின்னும் பழக்கமுள்ளவை. ஒரே கூண்டில் விட்டால் சில நாளில் எல்லா எலிகளின் குடல் பாக்டீரியாக்களும் பெருமளவு ஒன்றுபோல் ஆகிவிடும்.
---

அழற்சியால் யாருக்கு லாபம்?

கிருமி நுழைகிறது, உடல் சினந்து அழற்சியை உண்டாக்குகிறது, கிருமி சாகிறது. பாடப்புத்தகத்தில் நாம் படித்தது இது. நோயுற்ற எலிகளின் புழுக்கைகளை நாள்வாரியாக அடுக்கி வாசித்தபோது வேறொரு காட்சி தெரிந்தது. அழற்சி ஏற ஏற, கிருமி குறையவில்லை. குடியிருந்தவர்கள்தான் குறைந்தார்கள்.

2007-ல் இரண்டு ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. ஒன்று, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரெட் ஃபின்லே குழுவினருடையது. அவர்கள் பயன்படுத்திய கிருமி சிட்ரோபாக்டர் ரோடென்டியம். எலிகளுக்கு மட்டும் பெருங்குடல் நோய் தருவது. மனிதக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் சில ஈ.கோலை வகைகளின் நெருங்கிய உறவு. குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு, அங்கே இருக்கும் நுண்விரல்களை மழித்துவிடும் உத்தி இரண்டுக்கும் பொது. இந்தக் கிருமி தொற்றிய எலிகளில் வழக்கமான பாக்டீரியாக் கூட்டம் சரிந்தது. அதைவிட வியப்பு, கிருமியே இல்லாமல் ரசாயனத்தால் அழற்சியை உண்டாக்கிய எலிகளிலும் அதே சரிவு தெரிந்தது, ஈ.கோலை குடும்பம் பெருகியது. கூட்டத்தைக் கலைத்ததில் கிருமியைவிட உடலின் சொந்தக் கோபத்துக்கே பங்கு அதிகம்.

இரண்டாவது, அதே சூரிச் குழுவில் பேர்பல் ஷ்டெச்சர் முதலாசிரியராக இருந்து வெளியிட்டது. அழற்சியை உண்டாக்கும் திறனைப் பிடுங்கிவிட்ட சால்மோனெல்லாவை எலிகளுக்குக் கொடுத்தார்கள். முதலில் அது குடலில் நன்றாகவே வளர்ந்தது. ஆனால் ஆன்டிபயாட்டிக்கின் பாதிப்பிலிருந்து மீண்டு பழைய கூட்டம் திரும்பியதும் அதை வெளியே தள்ளிவிட்டது. அழற்சியை உண்டாக்கும் முழுத் திறன் கொண்ட சால்மோனெல்லாவைத் தள்ள முடியவில்லை. பல்லைப் பிடுங்கிய அதே கிருமியை, வேறு காரணத்தால் ஏற்கெனவே அழற்சி உள்ள குடலில் விட்டபோது அதுவும் செழித்தது. ஆக, அழற்சி என்பது கிருமி தாங்கிக்கொள்ளும் துன்பம் அல்ல. அது திட்டமிட்டு வரவழைக்கும் உதவி.

எப்படி உதவுகிறது? அமெரிக்காவின் டேவிஸ் நகரில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியாஸ் பாய்ம்லர் குழு 2010-ல் விடை சொன்னது. குடல் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியிடுகின்றன. அது நஞ்சு என்பதால் குடல் சுவர் அதைத் தயோசல்ஃபேட்டாக மாற்றி வைத்துக்கொள்கிறது. அழற்சியின்போது ஓடிவரும் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல வீசும் ஆக்சிஜன் சேர்மங்கள், இந்தத் தயோசல்ஃபேட்டின் மேல் பட்டு அதை டெட்ராதயோனேட் ஆக்கிவிடுகின்றன. காற்றில்லாத குடலில் மற்ற பாக்டீரியாக்கள் நொதித்தலை நம்பி அரைவயிற்றோடு வாழும்போது, சால்மோனெல்லா மட்டும் டெட்ராதயோனேட்டை ஆக்சிஜனுக்குப் பதிலாக ‘சுவாசிக்கிறது’. நம் உடல் அதன் மேல் எறியும் ஆயுதமே அதற்கு மூச்சாகிறது.

நோய்க்கிருமிப் பரிசோதனைக்கூடங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. மலத்தில் மற்ற பாக்டீரியாக்களை அடக்கிச் சால்மோனெல்லாவை மட்டும் வளர்த்தெடுக்க, 1923 முதலே டெட்ராதயோனேட் கலந்த வளர்ப்புத் திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஏறத்தாழ 90 ஆண்டுகள் கண்ணாடிக் குழாயில் நடந்துகொண்டிருந்தது, நோயுற்ற குடலிலும் நடக்கிறது என்று தெரிய இத்தனை காலம் ஆனது.

பாய்ம்லர் குழு 2016-ல் இன்னொரு கண்ணியையும் சேர்த்தது. நாரைப் புளிக்கவைக்கும் கிளாஸ்ட்ரிடியா வகைகள் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் அணுக்களுக்கு அதுதான் உணவு. அதை எரிக்க அவை ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால் குடலின் உட்புறம் காற்றில்லாமல் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் அந்தக் கிளாஸ்ட்ரிடியாக்களை ஒழித்ததும் பியூட்டிரேட் நின்றது. சுவர் அணுக்கள் ஆக்சிஜனை எரிக்காமல் விட்டன. அது குடலுக்குள் கசிந்தது. சால்மோனெல்லா அதையும் சுவாசித்துப் பெருகியது. ஆன்டிபயாட்டிக் காலி இடத்தை மட்டும் தரவில்லை, காற்றையும் திறந்துவிட்டது.

கிருமி எப்படிப் போகிறது?

சிட்ரோபாக்டர் தொற்றிய எலிகளில் பெரும்பாலானவை மூன்று நான்கு வாரங்களில் தாமாகவே குணமாகின்றன. நோயெதிர்ப்பு மண்டலம் வென்றது என்று சொல்லி முடித்துவிடலாம். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் நூன்யெஸ், நொபுஹிகோ கமாடா குழுவினர் அப்படி முடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் காப்புக் கூண்டுகளில் வளர்த்த எலிகளுக்கு அதே கிருமியைக் கொடுத்தார்கள். அந்த எலிகளால் கிருமியை வெளியேற்றவே முடியவில்லை. வாரக்கணக்கில் அது குடலில் நிரம்பியே இருந்தது. சாதாரண எலிகளோடு ஒரே கூண்டில் விட்டு, புழுக்கை வழியே பாக்டீரியாக்கள் வந்து சேர்ந்த பிறகுதான் கிருமி மறைந்தது.

2012-ல் வெளியான அந்த ஆய்வின் விளக்கம் நுட்பமானது. தொடக்கத்தில் கிருமி குடல் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே போட்டிக்கு ஆளில்லை. நாள் ஆக ஆக அது ஒட்டும் கருவிகளைக் கைவிட்டுக் குடலின் நடுவெளிக்கு நகர்கிறது. அங்கே குடியிருக்கும் ஈ.கோலை போன்றவை அதே எளிய சர்க்கரைகளைத் தின்பவை. அவை கிருமியைப் பட்டினி போட்டுத் துரத்துகின்றன. பாக்டீராய்டஸ் வகை ஒன்று எளிய சர்க்கரையையும் தின்னும், தாவர நாரையும் தின்னும். எலிக்கு எளிய சர்க்கரை மட்டும் உள்ள தீவனம் கொடுத்தபோது, வேறு வழியில்லாமல் அதுவும் போட்டிக்கு வந்து கிருமியை வென்றது.

ஆக, உடல் கிருமியைச் சுவரிலிருந்து விலக்குகிறது; குடியிருப்பவர்கள் வாசலுக்கு வெளியே தள்ளுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் குணம்.

‘ஆரோக்கியமான எலி’ என்று ஒன்று உண்டா?

இந்த ஆய்வுகளையெல்லாம் படித்தவர்களை அதிகம் உலுக்கியது நோயுற்ற எலி அல்ல, ஆரோக்கியமான எலிதான். நோய் வராத எலிகளின் குடல்களே ஒன்றுபோல் இல்லை. அந்த வேறுபாடுதான் பிறகு யார் பிழைப்பார், யார் சாவார் என்பதை முன்கூட்டியே வகுத்துவிடுகிறது.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டான் லிட்மன் ஆய்வகம் இரண்டு நிறுவனங்களிடமிருந்து எலிகள் வாங்கியது. ஒன்று டகோனிக், மற்றொன்று ஜாக்சன். இரண்டும் ஒரே மரபுள்ள கறுப்புச் சுண்டெலிகள். ஆனால் டகோனிக் எலிகளின் குடலில் ‘டி.எச்.17’ என்ற காவல் அணுக்கள் ஏராளம். ஜாக்சன் எலிகளில் மிகக் குறைவு. ஒரே கூண்டில் விட்டதும் ஜாக்சன் எலிகளுக்கும் அந்த அணுக்கள் வந்தன. காரணம் ஒரே ஒரு பாக்டீரியா. நூல்போல நீண்டு, சிறுகுடலின் சுவரில் நுனியைச் செருகி நிற்கும் வகை. ஆங்கில எழுத்துகளில் எஸ்.எஃப்.பி. என்று சுருக்கி அழைக்கிறார்கள். அதைப் பெற்ற எலிகள் சிட்ரோபாக்டரை மேலும் நன்றாகத் தாங்கின. 2009-ல் இது வெளியானபோது, எந்தக் கடையில் எலி வாங்கினோம் என்பதையே எழுதாமல் விட்ட ஆய்வுகளின் முடிவுகளை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி.

சிட்ரோபாக்டர் தொற்றினால் தப்பாமல் சாகும் எலி இனம் ஒன்று உண்டு. சி3எச் என்று பெயர். அதன் மரபணுதான் குற்றவாளி என்று நெடுநாள் நம்பினார்கள். 2011-ல் ஃபின்லே குழு, நோயைத் தாங்கும் வேறொரு இனத்தின் குடல் பாக்டீரியாக்களை அதற்கு மாற்றிக் கொடுத்தது. கிருமி குடியேறுவது தாமதமானது, மரணமும் தள்ளிப்போனது. மரபணு மாறவில்லை. குடியிருப்பவர்கள் மாறினார்கள்.

---
■ நோய்க்கு நோய் மாறும் கதை

● சாட்டைப்புழு: எலிகளைத் தாக்கும் இந்தப் புழுவின் முட்டைகள் பொரிய, குடல் பாக்டீரியாக்கள் அவற்றின்மேல் ஒட்ட வேண்டும். பாக்டீரியாக்களைக் குறைத்தால் புழுவும் குறைகிறது என்று மான்செஸ்டர் பல்கலைக்கழகம் 2010-ல் கண்டது. எல்லா விருந்தாளியையும் நல்ல பாக்டீரியா தடுக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

● மலேரியா: வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து வாங்கிய, ஒரே மரபுள்ள எலிகளில் மலேரியாவின் கடுமை பெரிதும் வேறுபட்டது. தாங்கிய எலிகளின் குடலில் லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் அதிகம். டென்னசி பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வு இது. ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணிக்கும் குடலுக்கும் தொடர்பு.

● ரோட்டா வைரஸ்: டி, பி எதிர்ப்பணுக்கள் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளைக்கூட எஸ்.எஃப்.பி. பாக்டீரியா இந்த வைரஸிடமிருந்து காத்தது. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம், 2019.
---

காட்டு எலிக்கு இருக்கும் பலம்

ஆய்வக எலி பல தலைமுறைகளாகச் சுத்தமான கூண்டில், கிருமி நீக்கிய தீவனத்தில் வளர்ந்தது. வெளியில் திரியும் எலியின் குடலில் இருக்கும் பல பாக்டீரியாக்கள் அதனிடம் இல்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஸ்டெஃபான் ரோஸ்ஹார்ட், பார்பரா ரேர்மன் குழுவினர் மேரிலாந்து, வாஷிங்டன் பகுதியில் காட்டு எலிகளைப் பிடித்து, அவற்றின் குடல் பாக்டீரியாக்களைக் கிருமியற்ற ஆய்வக எலிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு கொல்லும் அளவு இன்ஃப்ளுயன்ஸா வைரஸ். காட்டுப் பாக்டீரியா பெற்ற எலிகளில் 92 சதவிகிதம் பிழைத்தன. ஆய்வக எலிகளின் பாக்டீரியா பெற்றவற்றில் 17 சதவிகிதம் மட்டுமே.

2019-ல் அதே குழு ஒரு படி மேலே போனது. ஆய்வக எலியின் கருவைக் காட்டு எலியின் வயிற்றில் வளர்த்துப் பிறக்கவைத்தார்கள். மரபணு ஆய்வக எலியுடையது, பாக்டீரியா காட்டு எலியுடையது. அந்த எலிகளிடம் ஒரு பழைய சோகத்தைச் சோதித்தார்கள். 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் டி.ஜி.என்.1412 என்ற புதிய மருந்தை முதன்முதலாகப் பெற்ற 6 தன்னார்வலர்கள், சில மணி நேரத்தில் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். அதே வகை மருந்து விலங்குச் சோதனையில் அபாயம் காட்டவில்லை. ஆய்வக எலிகளில் எதிர்ப்புச் சக்தியை அமைதிப்படுத்துவதாகவே தெரிந்தது. காட்டுப் பாக்டீரியா கொண்ட எலிகளிலோ, மனிதர்களிடம் நடந்ததைப் போலவே எதிர்ப்பு மண்டலம் கொந்தளித்தது. எலியின் குடலில் யார் இருக்கிறார்கள் என்பது ஆய்வக நுணுக்கம் மட்டுமல்ல. 6 குடும்பங்களை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திய விஷயம்.

தட்டில் நார் இல்லாவிட்டால்

உணவைப் பற்றிய ஆய்வுகளில் என் மனதில் நிற்பது 2016-ல் மிஷிகனும் லக்சம்பர்க்கும் சேர்ந்து நடத்தியது. மகேஷ் தேசாய், எரிக் மார்ட்டென்ஸ் குழுவினர், கிருமியற்ற எலிகளின் குடலில் மனிதக் குடலிலிருந்து எடுத்த 14 பாக்டீரியாக்களை மட்டும் குடிவைத்தார்கள். ஒரு பகுதி எலிகளுக்கு நார் நிறைந்த தீவனம். இன்னொரு பகுதிக்கு நாரே இல்லாதது. நார் கிடைக்காத குடலில், நாரைத் தின்பவை குறைந்து, குடல் சுவரைப் போர்த்தியிருக்கும் கோழைப் படலத்தைத் தின்பவை பெருகின. படலம் மெலிந்தது. அப்போது சிட்ரோபாக்டரைக் கொடுத்தார்கள். நார் தின்ற எலிகள் பெரும்பாலும் சமாளித்தன. நார் இல்லாதவற்றுக்குக் கொடிய பெருங்குடல் அழற்சி வந்தது.

அதே எலி, அதே 14 பாக்டீரியா, அதே கிருமி. தீவனம் மட்டும் வேறு. கீரையும் பயறும் தட்டிலிருந்து விலகி, மைதாவும் பொட்டலத் தீனியும் அந்த இடத்தைப் பிடித்துவரும் காலத்தில் இந்த ஆய்வைக் குழந்தை வளர்க்கும் வீடுகள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

எலியிலிருந்து மனிதனுக்கு

மிகத் தெளிவான வெற்றி சி.டிஃப் நோயில்தான். ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து பாக்டீரியாக்களை எடுத்து நோயாளியின் குடலில் சேர்க்கும் சிகிச்சையை 1958-லேயே டென்வரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவர் 4 பேருக்குச் செய்திருக்கிறார். 2013-ல் நெதர்லாந்தில் முறையான சோதனை நடந்தது. பாக்டீரியா மாற்று பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமானார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் ரெபையோட்டா, 2023-ல் வவுஸ்ட் என இரண்டு தயாரிப்புகளுக்கு அனுமதி அளித்தது.

இதில் ஆபத்தும் உண்டு. 2019-ல், மருந்துக்கு மசியாத ஈ.கோலை கொடையாளியின் மலம் வழியே இரண்டு நோயாளிகளுக்குத் தொற்றியது, ஒருவர் இறந்தார். அதனால்தான் எந்தப் பாக்டீரியா எந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்தறியும் எலி ஆய்வுகளுக்கு மதிப்பு. பித்த அமிலங்களை மாற்றியமைத்து சி.டிஃபை முடக்குவது கிளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் என்ற ஒரே பாக்டீரியாவின் முக்கிய வேலை என்று பேமர் குழு 2015-ல் எலிகளில் காட்டியது. முழு மலத்துக்குப் பதில், பெயர் தெரிந்த சில பாக்டீரியாக்களை மட்டும் கொடுக்கும் நாளை நோக்கிய அடி அது.

இந்தியாவில் நடந்த பெரிய சோதனை ஒடிஷாவில். பினாகி பாணிகிரஹி குழுவினர் 4,556 பச்சிளங்குழந்தைகளைச் சேர்த்து, பிறந்த சில நாளில் தொடங்கி ஒரு வாரத்துக்கு ஒருசாராருக்கு லாக்டோபேசிலஸ் பிளாண்டாரம் பாக்டீரியாவையும் அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையையும் கொடுத்தார்கள். ரத்தத் தொற்று அல்லது மரணம், வெற்று மருந்து பெற்றவர்களில் 9 சதவிகிதம். பாக்டீரியா பெற்றவர்களில் 5.4 சதவிகிதம். 2017-ல் வெளியானது.

ஆனால் குடலைச் சரிசெய்தால் எல்லாம் பலித்துவிடாது என்பதற்கு வேலூரே சாட்சி. வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து ஏழை நாடுகளின் குழந்தைகளிடம் குறைவாகவே வேலை செய்கிறது. குடலில் நோய்க்கிருமிகள் மலிந்திருப்பதே காரணமாக இருக்குமோ என்ற சந்தேகம் நீண்ட நாளாக உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் குழந்தைகளுக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்து, பிறகு சொட்டு மருந்து கொடுத்தார்கள். கிருமிகள் குறைந்தன, குடல் அழற்சியின் அறிகுறிகளும் குறைந்தன. சொட்டு மருந்தின் பலன் மட்டும் கூடவில்லை. 2016-ல் வெளியான அந்த முடிவு, சுருக்குவழி தேடியவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். எனக்கோ, பலிக்காததையும் மறைக்காமல் வெளியிட்ட அந்த நேர்மை பெரிதாகத் தெரிகிறது.

மருந்துக்கடையில் நிற்கும்போது

ஆன்டிபயாட்டிக்கோடு புரோபயாட்டிக் மாத்திரையையும் சேர்த்துத் தருவது இப்போது வழக்கமாகிவிட்டது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எரன் எலினாவ், எரன் செகல் குழுவினர் 2018-ல் இதை எலிகளிலும் மனிதர்களிலும் சோதித்தார்கள். ஆன்டிபயாட்டிக் முடித்ததும் 11 வகை பாக்டீரியா கொண்ட புரோபயாட்டிக் சாப்பிட்டவர்களின் சொந்தக் கூட்டம் திரும்ப, ஒன்றுமே சாப்பிடாதவர்களைவிட அதிக காலம் பிடித்தது. மாத்திரையில் வந்தவை இடத்தைப் பிடித்துக்கொண்டு பழையவர்களைத் திரும்பவிடவில்லை. வேகமாக மீண்டவர்கள், மருந்துக்கு முன் எடுத்துவைத்த தங்கள் சொந்தக் குடல் பாக்டீரியாக்களையே திரும்பப் பெற்றவர்கள். சில நோயாளிகளுக்கு, ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கப் புரோபயாட்டிக் உதவுவதும் உண்மை. அதனால் மருத்துவர் எழுதினால் சாப்பிடுங்கள். விளம்பரத்தைப் பார்த்துச் சாப்பிட இதில் ஆதாரம் இல்லை.

இதைவிட முக்கியமானது ஆன்டிபயாட்டிக்தான். முக்கியமான பல ஆன்டிபயாட்டிக்குகளை ‘ஷெட்யூல் எச்1’ பட்டியலில் சேர்த்து, சீட்டு இல்லாமல் விற்றால் குற்றம், விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு போட்ட மருந்தைத் தானாக வாங்காதீர்கள் என்று மத்திய அரசு 2016-ல் பிரசாரமே நடத்தியது. அப்படியிருந்தும் வயிற்றுப்போக்கு என்று போய் நின்றால் கவுண்டரில் இருப்பவரே இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும் காட்சி மறையவில்லை. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் வைரஸே காரணம். அதற்கு ஆன்டிபயாட்டிக்கால் பயனில்லை. உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும்தான் அங்கே மருந்து. தேவையில்லாத அந்த இரண்டு மாத்திரை, எலிகளில் கண்டதுபோல் அடுத்து வரும் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடக்கூடும். தேவைப்படும் இடத்தில் ஆன்டிபயாட்டிக் உயிர் காக்கும் மருந்து. அதை மறுப்பதும் இதே அளவு ஆபத்து.

டாக்காவில் ஒரு கிண்ணம்

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்டன், டாக்காவில் உள்ள ஐ.சி.டி.டி.ஆர்.,பி. என்ற வயிற்றுநோய் ஆய்வு மையத்தின் தமீத் அகமத் இருவரும் பல்லாண்டுகளாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள். காலராவிலிருந்து மீளும் நோயாளிகளின் குடலில் ருமினோகாக்கஸ் ஒபியம் என்ற பாக்டீரியா கூடுவதையும், அதை எலிகளுக்குக் கொடுத்தால் காலராக் கிருமி மட்டுப்படுவதையும் அவர்கள் 2014-ல் கண்டார்கள்.

அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, ஊட்டச்சத்து குறைந்த குழந்தைகளின் குடல் பாக்டீரியாக் கூட்டம் வயதுக்கேற்ற முதிர்ச்சி அடையாமல் நின்றுவிடுவதைக் காட்டியது. வழக்கமான சத்துணவு கொடுத்தால் எடை ஓரளவு ஏறுகிறது. கூட்டம் முழுமையாக மீள்வதில்லை. அதனால் அந்தக் குழந்தைகளின் பாக்டீரியாக்களைக் கிருமியற்ற எலிகளிலும் பன்றிக்குட்டிகளிலும் குடிவைத்து, எந்த உணவு எந்தப் பாக்டீரியாவை வளர்க்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கடைசியில் தேறியது கொண்டைக்கடலை, சோயா மாவு, வேர்க்கடலை, வாழைக்காய் கலந்த ஒரு கலவை.

டாக்காவின் மீர்பூர் குடிசைப் பகுதியில் மிதமான ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளுக்கு அதை மூன்று மாதம் கொடுத்தார்கள். ஒப்பிடக் கொடுத்த வழக்கமான சத்துணவைவிட அதில் கலோரி குறைவு. ஆனாலும் இந்தக் கலவையைச் சாப்பிட்டவர்களின் எடை வளர்ச்சி மேலாக இருந்தது. வளர்ச்சியோடு தொடர்புள்ள பாக்டீரியாக்களும் பெருகின. 2021-ல் முடிவு வெளியானது.

கலவையின் நான்கு பொருளும் நம் ஊர் மளிகைக்கடையில் கிடைப்பவை என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆய்வு குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட பக்குவத்தில், வைட்டமின்களும் தாதுக்களும் சேர்த்துத் தயாரித்த உணவைத்தான் சோதித்தது. வீட்டில் கடலையை அரைத்துப் பழத்தோடு பிசைந்து கொடுப்பது நல்ல உணவு, தாராளமாகக் கொடுக்கலாம். எடை குறைந்த குழந்தைக்கு அதுவே சிகிச்சை என்று மட்டும் யாரும் எண்ணிவிடக் கூடாது. அந்தக் குழந்தையை அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டி எடையும் உயரமும் பார்க்கச் சொல்ல வேண்டும்.